ஒரு 'யெஸ்' செய்த வேலை

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பள்ளிப் பதிவேட்டில் நீளமாக வேறொரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பேச ஆரம்பித்தாள் என்றால் முற்றுப்புள்ளி என்பதே கிடையாது. ஒரே ஒரு பக்கம் நகல் எடுக்க அவர்கள் கடைக்கு வந்தவர், அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைக் கோட்டை விட்ட கதையெல்லாம் உண்டு. அப்பேர்ப்பட்டவள் தன் வாழ்நாளில் ஒரு தடவை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள், அதுவும் இங்கிலீஷில். அந்த ஒற்றை வார்த்தைதான் அவளைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

அவள் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பெரிய கடை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பழைய நகல் இயந்திரம், அதைவிடக் கொஞ்சம் புதிதாக இன்னொன்று, லேமினேஷன் போடும் பெட்டி, ஓரத்தில் அம்மா உட்கார்ந்து பைண்டிங் செய்யும் மேஜை, அவ்வளவுதான். பள்ளி விட்டால் வாயாடி நேரே கடைக்குத்தான் வருவாள். சாய்ந்து விழுந்த நகல், பாதி கறுத்த நகல், ஓரம் வெட்டுப்பட்ட நகல் என்று வீணாய்ப் போகும் தாள்களின் வெற்றுப் பக்கம்தான் அவளுக்கு ரஃப் நோட்டு. கணக்கைப் போட்டு முடித்ததும் தாளைத் திருப்பிப் போட்டு அச்சடித்த பக்கத்தைப் படிப்பாள். வாடகை ஒப்பந்தம், தையல் இயந்திரத்தின் விளக்கத் தாள், யாரோ யாருக்கோ அனுப்பிய வக்கீல் நோட்டீஸ், எதையும் விட்டு வைத்ததில்லை. வகுப்பில் மற்றவர்கள் டீச்சர் கொடுத்த வார்த்தைகளை உருப்போட்டுக்கொண்டிருக்க, இவள் வக்கீல் நோட்டீஸிலிருந்து வார்த்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஹியர்இன்ஆஃப்டர் என்ற வார்த்தையை முதலில் பார்த்தபோது, சொந்தக்காரி வீட்டுக்கு வந்த மாதிரி சந்தோஷப்பட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிக்க வராது, பேசத்தான் வராது. அவள் இங்கிலீஷின் நிலவரம் இதுதான். இலக்கணத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவாள் என்கிறபோது, 'படிக்க வராது' என்று எப்படிச் சொன்னேன்? வாய் தவறிவிட்டது. படிக்க நன்றாக வரும், எழுத அதைவிட நன்றாக வரும், பேசத்தான் வராது. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்டால் போதும், அந்தப் பொல்லாத வாய் பூட்டுப் போட்டுக்கொள்ளும்.

அந்த வருடம் பள்ளியில் அவளுக்குக் கடைசி வருடம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர வேண்டும் என்று மனசில் ஆணி அடித்து வைத்திருந்தாள். அதுவும் நகல் எடுக்கிற வேலைதான், தாளுக்குப் பதில் எலும்பு என்று அப்பாவிடம் சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருந்தாள். அந்தப் படிப்பில் சேர இங்கிலீஷில் தேற வேண்டும். இங்கிலீஷில் எழுத்துத் தேர்வுக்கு முன்னால் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. மாணவர்கள் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். வேறொரு பள்ளியிலிருந்து எக்ஸாமினர் வந்து, அதைப் படித்துவிட்டு, எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்.

வாயாடி தங்கள் கடையின் பழைய இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அது எப்படி இருமும், எப்போது தாளை விழுங்கும், எங்கே தட்டினால் துப்பும் என்றெல்லாம். முதல் வரியிலேயே, 'இனிமேல் கிழவர் என்று அழைக்கப்படும் இந்த இயந்திரம்' என்பதற்குத் தன் செல்ல வார்த்தையான ஹியர்இன்ஆஃப்டரைத் தூக்கி வைத்திருந்தாள். வந்த எக்ஸாமினர் கறாரானவர் என்று பேர் எடுத்தவர். கட்டுரையைப் படித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். மறுபடி கட்டுரையைப் பார்த்தார். பிறகு, பாவம் பொண்ணு பயந்துவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் கேட்டார்:

“யூ டிட் நாட் காப்பி திஸ், டிட் யூ?”

வாயாடிக்குக் கேள்வி நன்றாகவே புரிந்தது. எழுத்துத் தேர்வில் அந்த 'டிட் யூ'வைக் கோடிட்ட இடத்தில் எத்தனை தடவை நிரப்பியிருப்பாள். மனுஷர் நம்மை நம்புகிறார் என்று உச்சி குளிர்ந்து, அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள்:

“யெஸ், சார்.”

அவர் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டார். கறாரானவர்தான், ஆனால் அநியாயக்காரர் இல்லை. “ஸோ, யூ டிட் நாட் ரைட் இட் யுவர்செல்ஃப்?”

அப்ப நீயா எழுதல? இதென்ன கேள்வி, நான்தானே எழுதினேன் என்று வாயாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள். “நோ, சார்.”

அவர் பெருமூச்சு விட்டார். மதிப்பெண் தாளில் ஒரு வார்த்தை எழுதினார், போகலாம் என்று கையைக் காட்டினார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவள் துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சிநேகிதிகளிடம், அவர் ரொம்ப நல்ல மாதிரி, ரெண்டே கேள்விதான் என்று பீற்றிக்கொண்டது தனிக்கதை.

மறுநாள் இங்கிலீஷ் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் வயதில் சின்னவர், அடுக்கடுக்காகத் திருத்த வேண்டிய நோட்டுகளுக்குப் பின்னாலிருந்து எப்போதும் களைத்த முகத்தோடு எட்டிப் பார்ப்பவர். அன்றைக்கு அந்த முகத்தில் களைப்போடு கோபமும் இருந்தது. கட்டுரையைப் பார்த்து எழுதியதாக எக்ஸாமினர் குறித்துவிட்டார், வாய்மொழித் தேர்வில் பூஜ்யம், பூஜ்யம் வாங்கியவர்கள் இந்த வருடம் எழுத்துத் தேர்வுக்கு உட்கார முடியாது என்றார். வாயாடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார் சொன்னது, நான்தான் எழுதினேன் என்று படபடத்தாள்.

“ரெண்டு தடவை கேட்டாராம். ரெண்டு தடவையும் நீயே ஒத்துக்கிட்டியாமே,” என்றார் டீச்சர்.

நான் எப்போது ஒத்துக்கொண்டேன்? அன்று முழுக்க அவளுக்கு அந்த ஒரே கேள்விதான். செய்தி அதற்குள் வகுப்பைச் சுற்றி வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் பொண்ணு காப்பி அடிக்காமல் வேறு யார் அடிப்பார்கள் என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் இவள் சொன்னவனை வார்த்தையாலேயே வறுத்து எடுத்திருப்பாள்.

சாயங்காலம் கடைக்குப் போனபோது அப்பாவுக்கு விஷயம் எட்டியிருந்தது. நகல் எடுக்க வந்த யாரோ ஒரு பெற்றோர், அனுதாபம் என்ற பெயரில் பற்றவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா இயந்திரத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உள்ளே சிக்கியிருந்த தாளை உருவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“நீ பார்த்து எழுதலதானே?”

“ஆமாப்பா.”

“அது போதும்,” என்று கதவைச் சாத்திவிட்டு அடுத்த தாளை வைத்தார். அவ்வளவுதான், மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. பெற்ற மகளை நம்ப அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

வாயாடி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அப்பா கேட்டதும் அதே கேள்விதானே, சொன்னதும் அதே பதில்தானே? நீ பார்த்து எழுதலதானே என்று அப்பா கேட்டார், ஆமா என்றேன், விட்டுவிட்டார். அதையே எக்ஸாமினர் இங்கிலீஷில் கேட்டார், யெஸ் என்றேன், பிடித்துக்கொண்டார். அப்படியானால் ஆமாவும் யெஸ்ஸும் ஒன்று இல்லையா?

இந்த யோசனை வந்ததும் இன்னொரு விஷயம் கூடவே ஞாபகத்துக்கு வந்தது. பையிலிருந்த இங்கிலீஷ் பாடப் புத்தகத்தை அவசரமாக எடுத்துப் புரட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் பேசிக்கொள்ளும் ஒரு உரையாடல். குடையைத் தொலைத்தவர், நீங்கள் என் குடையைப் பார்க்கவில்லையே என்று கேட்கிறார். பார்க்காதவர் பதில் சொல்கிறார். அச்சில் இருந்த பதில், 'நோ, ஐ ஹாவன்ட்'. அந்த நோவின் மேல் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் அவளுடைய அழகான கையெழுத்தில், 'யெஸ்'.

வருட ஆரம்பத்தில் அவளே திருத்தியது அது. பார்க்கவில்லையே என்று கேட்டால் ஆமாம், பார்க்கவில்லை என்றுதானே சொல்ல வேண்டும், இவ்வளவு பெரிய புத்தகத்தில் அச்சுப்பிழையா என்று அன்றைக்கு இவள் பண்ணிய ஆர்ப்பாட்டம் கொஞ்சமில்லை. தான் திருத்தியதோடு நிற்காமல், வகுப்பில் ஒவ்வொருவர் புத்தகத்தையும் பிடுங்கித் திருத்த வைத்தாள். கண்கொத்திப் பாம்பு மாதிரிப் பிழை பிடிக்கிறாள் என்று எல்லோரும் மெச்சினார்கள். அச்சடித்தவன் சரியாகத்தான் அடித்திருக்கிறான்! தப்பு முழுக்கத் தன் பென்சிலில் என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அழுதுகொண்டு உட்காருகிற ரகம் இல்லை அவள். வீண் தாள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டாள். எக்ஸாமினரின் இரண்டு கேள்விகளையும் எழுதினாள், தன் இரண்டு பதில்களையும் எழுதினாள். புத்தகத்தில் குடையைப் பார்க்காதவர் சொன்னதைப் பக்கத்தில் வைத்து, எது எதற்கு என்று மெதுவாகப் பிரித்தாள். தமிழில் நாம் கேட்டவருக்குத் தலையாட்டுகிறோம். நீ சொல்வது சரி என்றால் ஆமா, நீ சொல்வது தப்பு என்றால் இல்லை. இங்கிலீஷுக்குக் கேட்டவரைப் பற்றிக் கவலையே கிடையாது. அவர் எப்படிக் கேட்டாலும் சரி, நடந்தது உண்டு என்றால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ. பார்த்து எழுதாதவள் நோ என்று சொல்லியிருக்க வேண்டும். தானே எழுதியவள் யெஸ் என்று சொல்லியிருக்க வேண்டும். இவளோ இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு, வெளியே வந்து துள்ளியிருக்கிறாள்.

மறுநாள் காலை அந்தத் தாளையும் புத்தகத்தையும் டீச்சர் முன்னால் வைத்தாள். டீச்சர் படித்தார். கோபம் இருந்த இடத்தில் மெல்ல வேறு ஏதோ வந்தது.

“இதை நான் நடத்தவே இல்லையேம்மா. கேள்வித்தாள்ல 'டிட் யூ' மாதிரி டேக் போடத்தான் கேப்பாங்க, பதில் சொல்லக் கேக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்,” என்றார்.

இருவரும் பெரிய டீச்சரிடம், அதாவது தலைமையாசிரியையிடம் போனார்கள். அவர் மசியவில்லை. தேர்வு முடிந்த பிறகு எல்லோருக்கும் ஒரு விளக்கம் கிடைக்கும், குறித்தது குறித்ததுதான் என்று அனுப்பிவிட்டார். வாயாடி மறுநாள் இடைவேளையில் அவர் அறை வாசலில் போய் நின்றாள். அதற்கு அடுத்த நாளும் நின்றாள். சாப்பாட்டு இடைவேளையிலும் நின்றாள். வெளியே வரும்போதெல்லாம் இந்த முகத்தில் விழித்து விழித்துப் பெரிய டீச்சருக்கே அலுத்துவிட்டது. எக்ஸாமினர் தாள்களில் கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை வருவார், அவர் சம்மதித்தால் இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். இது இங்கிலீஷ் தேர்வு, தமிழில் விளக்கம் சொல்லக் கூடாது, டீச்சர் குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரி என்றாள் வாயாடி. தமிழ் ஆமாதான் அது, சந்தேகம் வேண்டாம்.

விதியைத் தாளில் எழுதுவது சுலபம். நாக்குக்குக் கற்றுக்கொடுப்பது இருக்கிறதே, அதுதான் பெரும்பாடு. பிறந்ததிலிருந்து ஆமா சொல்லிப் பழகிய நாக்கு அது. செய்யவில்லையே என்று ஒருவர் கேட்கும்போது நோ என்றால், அவரை எதிர்த்துப் பேசுகிற மாதிரியே அவளுக்கு இருந்தது. பொய் சொல்வதுபோல் காது மடல் சூடானது. இதைப் பழக்கியே தீருவது என்று முடிவு கட்டினாள். பைண்டிங் மேஜையில் இருந்த அம்மாவைப் பிடித்து, கண்ட நேரத்தில் தன்னிடம் 'இல்லதானே' போட்டுக் கேள்வி கேட்கச் சொன்னாள். தான் இங்கிலீஷ் முறைப்படி பதில் சொல்வேன் என்றாள்.

அம்மாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்றால் சும்மா இல்லை, பழைய பாக்கியையெல்லாம் இதில் தீர்த்துக்கொண்டார். நீ காலையில் படுக்கையை மடிக்கலதானே என்பார். நோ என்பாள் மகள். அப்படியானால் மடித்துவிட்டாயா என்று அம்மா உள்ளே போய்ப் பார்ப்பார். படுக்கை போட்டது போட்டபடி கிடக்கும். திரும்பி வந்து, பொய் வேற சொல்றியா என்று ஆரம்பிப்பார். இல்லம்மா, நோ என்றால் மடிக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்று இவள் விளக்குவாள். மடிக்கவில்லை என்பதை இவ்வளவு பெருமையாகச் சொல்கிறாயே என்று அதற்கும் ஒரு திட்டு விழும். இரண்டு நாளில் அந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பதே யாருக்கும் நிச்சயமில்லாமல் போயிற்று.

கடையில் அது விபரீதமாகவே முடிந்தது. கல்லூரி மாணவி ஒருத்தி தடிமனான ஆய்வறிக்கையைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, தேநீர் குடிக்க வெளியே போயிருந்தாள். தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்கக் கூடாது, ஒரு பக்கம் மட்டும்தான் என்று வாயாடியிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அப்பா இயந்திரத்தின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் வேண்டாம்னுதானே சொன்னாங்க என்று கேட்டார். கையில் வைத்திருந்த வார்த்தைப் பட்டியலில் ஆழ்ந்திருந்த மகள், வேண்டாம் என்றால் நோ என்று கணக்குப் போட்டு, “இல்லப்பா” என்றாள். அப்பா தமிழ் மனிதர். இல்லை என்றால், அப்படிச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு, மொத்த அறிக்கையையும் இரண்டு பக்கமும் அடித்துத் தள்ளிவிட்டார்.

மாணவி கத்தியது நியாயம்தான். அப்பா மறுபடி முழுவதையும் எடுத்துக் கொடுத்தார். அவள் போனதும் வீணான கட்டைத் தூக்கி மகளின் முன்னால் தொப்பென்று போட்டார். திட்டு விழும் என்று வாயாடி தலையைக் குனிந்துகொண்டாள்.

“கடைக்குள்ள தமிழ். உன் இங்கிலீஷெல்லாம் அந்த மேஜையோட நிக்கட்டும்,” என்றார். பிறகு, கோபம் பாதியிலேயே கரைந்துபோய், “வெள்ளிக்கிழமை மட்டும் மாத்திச் சொல்லிடாதே தாயே,” என்றார்.

அதில்தான் அவளுக்கு வழி கிடைத்தது. இரண்டு முறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டும் குட்டிச்சுவர். இனிமேல் தமிழ்க் கேள்விக்குத் தமிழ்ப் பதில், இங்கிலீஷ் கேள்விக்கு இங்கிலீஷ் பதில். பாடப் புத்தகத்தை எடுத்து, டேக் போட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் தனக்கே கேட்டுக்கொண்டாள். கேட்டதும் வாயைத் திறக்காமல், நடந்ததா நடக்கவில்லையா என்று ஒரு கணம் மனசுக்குள் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள். பயிற்சிகள் தீர்ந்ததும் பாடங்களில் வந்த வாக்கியங்களையே கேள்வியாகத் திருப்பிக்கொண்டாள். பள்ளிக்கு நடக்கும் வழியெல்லாம் உதடு அசைந்தது. எதிரே வந்தவர்கள் இந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒதுங்கிப் போனார்கள், அவள் கவலைப்படவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் காது மடல் சூடாகாமல் நோ வந்தது. அன்றைக்கு அவள் கூடுதலாக ஒரு கேள்வியும் தயார் செய்தாள். அது தனக்கான கேள்வி இல்லை. அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சரின் அறையில் நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பெரிய டீச்சர், எக்ஸாமினர், ஓரமாக இங்கிலீஷ் டீச்சர், எதிரே வாயாடி. மேஜையில் அவள் கட்டுரையும் மதிப்பெண் தாளும் இருந்தன. தலைகீழாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையை அவளால் படிக்க முடிந்தது. அட்மிட்டட். ஒப்புக்கொண்டாள்.

எக்ஸாமினருக்கு இதில் இஷ்டமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சட்டென்று முடித்துவிடும் எண்ணத்தில் அதே கேள்வியை அதே மாதிரி கேட்டார்.

“யூ டிட் நாட் காப்பி திஸ், டிட் யூ?”

நாக்கு நுனியில் யெஸ் வந்து நின்றது. பழக்கம் சும்மா விடுமா? வாயாடி அதை அப்படியே விழுங்கினாள். நடந்ததா? நடக்கவில்லை.

“நோ, சார். ஐ டிட் நாட்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்றா? கட்டுரையின் முதல் வரியில் விரலை வைத்து, அடுத்த கேள்வியைக் கொஞ்சம் காட்டமாகவே போட்டார். ஹியர்இன்ஆஃப்டர் என்றால் உனக்கு அர்த்தம் தெரியாதுதானே என்பதைத்தான் இங்கிலீஷில் கேட்டார்.

“யூ டோன்ட் நோ வாட் திஸ் வேர்ட் மீன்ஸ், டூ யூ?”

ஓரத்தில் இங்கிலீஷ் டீச்சர் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். இது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற கேள்வி, தமிழ் நாக்கு இங்கே 'இல்லை, தெரியும்' என்று சொல்லத்தான் துடிக்கும். தெரியுமா? தெரியும்.

“யெஸ், சார். ஐ டூ.”

சொல் பார்க்கலாம் என்றார். அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். நீளமான பேரை ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்த வரிக்குப் பிறகு சின்னப் பேரை வைத்துக்கொள்ளலாம், வக்கீல்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், எங்கள் கடையில் வீணாகும் தாள்களில் படித்தேன் என்றாள். இடையில் இரண்டு இடத்தில் காலம் மாறியது, ஒரு இடத்தில் ஒருமை பன்மையானது. அவர் முகத்தில் இன்னும் சந்தேகம் தெளியாததைப் பார்த்து, ஒரு உதாரணமும் கொடுத்தாள்.

“மை நேம் இஸ் வெரி லாங், சார். அட் ஹோம், ஹியர்இன்ஆஃப்டர் கால்ட் வாயாடி.”

பெரிய டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். எக்ஸாமினரின் உதடுகூட ஒரு ஓரத்தில் அசைந்தது. இயந்திரம் எங்கே தட்டினால் தாளைத் துப்பும் என்று அவர் கேட்டதற்கு, மேஜையின் பக்கவாட்டில் தட்டியே காட்டினாள். அவர் கட்டுரையை மூடினார். இதை நீதான் எழுதியிருக்கிறாய், அது இப்போது தெரிகிறது என்றார் இங்கிலீஷில். ஆனால் அன்றைக்கு ஏன் இரண்டு தடவை ஒப்புக்கொண்டாய், தெளிவாகக் கேட்டேனே, சின்னக் குழந்தைகூடப் புரிந்துகொள்ளுமே என்றும் கேட்டார். எழுதியதை அடிக்க ஒரு காரணம் வேண்டாமா என்று பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

தமிழில் விளக்கக் கூடாது என்பது நிபந்தனை. இங்கிலீஷில் அத்தனையும் விளக்க அவளுக்கு வாய் போதாது. ஆனால் தயார் செய்து வைத்திருந்த அந்த ஒரு கேள்வி இருந்தது. நானும் ஒன்று கேட்கலாமா சார் என்றாள். கேள் என்றார். அவள் கேட்டாள்:

“சார், யூ டிட் நாட் வான்ட் டு ஃபெயில் மீ ஃபார் நத்திங், டிட் யூ?”

காரணமே இல்லாமல் என்னை ஃபெயிலாக்க நீங்கள் நினைக்கவில்லைதானே? கேட்டதும் அந்தக் கறாரான மனிதர் இளகிப்போனார். அநியாயம் செய்யும் எண்ணம் தனக்கு இருந்ததில்லை என்பதை இந்தப் பொண்ணே புரிந்துகொண்டிருக்கிறாளே என்று முன்னால் சாய்ந்து, மனசாரச் சொன்னார்:

“யெஸ், யெஸ். ஆஃப் கோர்ஸ்.”

முதலில் புரிந்தது ஓரத்தில் இருந்த டீச்சருக்கு. அவருக்கு இருமல் வந்தது, வந்ததா வரவழைத்தாரா தெரியாது. வாயாடி நிபந்தனையை மீறி, தமிழில், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

“சார், இதை 'ஒப்புக்கொண்டார்'னு எழுதிக்கலாமா?”

அவருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் கேட்டதை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தான் சொன்னதையும் சொல்லிப் பார்த்தார். ஆமாம், உன்னைக் காரணமில்லாமல் ஃபெயிலாக்கத்தான் நினைத்தேன், அதிலென்ன சந்தேகம் என்று இரண்டு பேர் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் பயந்திருக்க, அவர் தன் நெற்றியைத் தானே தட்டிக்கொண்டார்.

“இத்தனை வருஷமா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன்மா. மனசு தமிழ்லதான் தலையாட்டுது,” என்றார்.

அட்மிட்டட் என்ற வார்த்தையின் மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார், அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டார், மதிப்பெண்ணை எழுதினார். எவ்வளவு என்று அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள். அறையை விட்டு வந்தவள் நேரே வகுப்புக்குப் போனாள். ரப்பரை எடுத்து, குடைக்காரர் பக்கத்தில் தன் யெஸ்ஸை அழித்தாள். கோட்டுக்கு அடியில் அச்சடித்த நோ ஒன்றும் ஆகாமல் அப்படியே இருந்தது. பிறகு ஒவ்வொருவர் மேஜையாகப் போய், திருத்த வைத்த அதே அதிகாரத்தோடு எல்லோரையும் அழிக்க வைத்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏன் என்று சொன்னாள், கேட்காதவர்களையும் விடவில்லை. காப்பி அடித்தவள் என்று சிரித்தவன் புத்தகத்தை மட்டும் தானே வாங்கி, தானே அழித்து, தாளை ஊதிவிட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் கடையில் கூட்டம். அப்பா இயந்திரத்தை விட்டு நகர முடியாமல் அங்கிருந்தே அவள் முகத்தைப் பார்த்தார். அம்மாவின் கையில் துளை போடும் கருவி, அதன் வாயில் ஒரு கட்டுத் தாள். அழுத்தப் போனவர் அப்படியே நிறுத்தி, பயந்துகொண்டே கேட்டார்.

“பிரச்சினை ஒண்ணும் இல்லதானே?”

“ஆமாம்மா.”

அம்மாவின் கை அசையவில்லை. வரிசையில் நின்றவர்கள் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“இது தமிழ் ஆமாவா, இங்கிலீஷ் ஆமாவாடி?”

“தமிழ் ஆமாம்மா,” என்றாள் வாயாடி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, யாருக்கோ ஒரு பக்கம் எடுக்க வேண்டியதைத் தவறி இரண்டு பக்கமும் அடித்துவிட்டு, வீணான அந்தத் தாளை வழக்கம்போல் அவள் பக்கம் நீட்டினார்.